ஒரு தலை கூடுதல்

கண்டக்டர் நின்றால் அவர்களும் நின்றார்கள். கண்டக்டர் நடந்தால் அவர்களும் நடந்தார்கள்.

மூன்றாவது முறையாகச் செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்து, அக்குள் இடுக்கு வழியாகப் பின்னால் பார்த்தார். சந்தேகமே இல்லை. இருபது பேருக்குக் குறையாத கூட்டம். கழுத்தில் கேமரா, தலையில் தொப்பி, சட்டையில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர். முன்வரிசையில் நின்ற கேமராக்காரர், கண்டக்டர் செருப்பைப் பிடித்துக்கொண்டிருந்ததையும் விடாமல் ஒரு படம் எடுத்தார்.

“இங்க பாரு, நம்ம பின்னாடியே ஒரு கூட்டம் வருது” என்றார் மனைவியிடம்.

“வரட்டுமே. ரோடு என்ன உங்க பேர்லயா இருக்கு?”

“நான் நின்னா நிக்கறாங்க.”

“நீங்க எப்பவாவது நின்னாத்தானே எனக்குத் தெரியும்” என்றாள் அவள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

அது நியாயமான பேச்சுதான். டவுன் பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். பஸ்ஸுக்குள் நடந்தது போக மிச்சம் இருந்த நடையை எல்லாம் சேர்த்துவைத்து இப்போது நடந்தார். ஒரே குறை, திரும்பிப் பார்க்க மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து மனைவியை இரண்டு கல்யாண மண்டபத்திலும், ஒரு பொருட்காட்சியிலும், ஓர் ஆஸ்பத்திரியிலும் தொலைத்திருக்கிறார். அதனால்தான் அன்று காலை கப்பலைவிட்டு இறங்கியதும் அவள் தன் மஞ்சள் துண்டை எடுத்து அவருடைய குடையின் உச்சியில் கட்டிவிட்டாள்.

“தூக்கிப் புடிச்சுக்கிட்டுப் போங்க. கூட்டத்துல உங்களை நான் கண்டுபிடிக்கணும்.”

பத்து நாள் கப்பல் பயணம். மகள் எடுத்துக் கொடுத்தது. வெறும் அம்மா அப்பாவை மட்டும் அனுப்பியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். பெரியம்மாவும் பெரியப்பாவும் கூடப் போனால் துணையாக இருக்கும் என்று அவர்களையும் கிளப்பிவிட்டிருந்தாள். பெரியப்பா என்றால் கண்டக்டரின் சகலை. ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர். ஓய்வு பெற்றாலும் எதிரில் வருகிறவரை எல்லாம் கடன் கேட்டு வந்தவரைப் போலப் பார்க்கும் பழக்கம் போகவில்லை.

சண்டை காலைச் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தது. ஆரம்பித்து வைத்தவள் கண்டக்டரின் மனைவி.

“நாலு நாளா நான் தின்னது மீனா, பஞ்சா? முள்ளு இல்ல, தோலு இல்ல, வாசனை இல்ல. அது எப்பவாவது தண்ணியில நீந்துச்சான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு.”

“அதுக்குத்தான் நாங்க இன்னிக்கு ஏழாம் நம்பர் டூர் எடுத்திருக்கோம்” என்றார் மேனேஜர். “உள்ளூர் மீன் விருந்து. கைடு கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சு ஊட்டாத குறையா சாப்பிட வெச்சுக் கூட்டிட்டு வருவாரு. நீங்களும் வாங்க சகலை.”

“ஊரையே ஏத்தி எறக்கினவன் நான். என்னை ஒருத்தர் கொடி புடிச்சுக் கூட்டிட்டுப் போறதா? தேவையில்லை. நானே கண்டுபிடிப்பேன்.”

“பொருட்காட்சியில வீட்டம்மாவைக் கண்டுபிடிச்ச மாதிரியா?”

மேஜையில் இருந்த மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். அதில் மனைவியும் அடக்கம் என்பதுதான் கண்டக்டருக்குச் சுருக்கென்றது.

பந்தயம் அங்கேயே முடிவானது. கைடு இல்லாமல், நல்ல மீன் கிடைக்கும் இடத்தைக் கண்டக்டர் கண்டுபிடித்துவிட்டால், அன்று இரவு இதே மேஜையில் எழுந்து நின்று, வழி தெரிந்தவர் என் சகலைதான் என்று மேனேஜர் சொல்ல வேண்டும். இல்லையென்றால், மிச்சமிருக்கும் நாள் முழுக்கக் கண்டக்டர் சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, யாராவது ஒரு கொடிக்குப் பின்னால் நடக்க வேண்டும்.

முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் ஒரு சீட்டில்கூட உட்கார்ந்து போகாதவருக்கு அந்த ஸ்டிக்கர் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் மூன்றரைக்குள் கப்பலில் ஏறிவிட வேண்டும். இப்போது மணி பத்தரை. முதலில் இந்தக் கூட்டத்தைக் கழற்றிவிட வேண்டும்.

நடையைக் கூட்டினார். கூட்டமும் கூட்டியது. பின்னால் யாரோ, “நல்ல சுறுசுறுப்பான ஆளுப்பா” என்று சொன்னது காதில் விழுந்தது.

சட்டென்று ஒரு சந்துக்குள் திரும்பினார். அது முட்டுச்சந்து. பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கும், சொட்டிக்கொண்டிருந்த ஒரு தண்ணீர்க் குழாயும்தான் இருந்தன. திரும்பிப் போகலாம் என்றால் சந்து முழுக்க ஆட்கள். எல்லோரும் குழாயைப் பயபக்தியோடு பார்த்தார்கள்.

“இது எந்தக் காலத்துக் குழாய்ங்க?” என்றார் கேமராக்காரர்.

“தெரியாது.”

“அவ்வளவு பழசா?” என்று அவர் நாலு பக்கமும் நின்று படமெடுத்தார்.

கண்டக்டருக்குப் பழக்கதோஷம் வாயில் வந்துவிட்டது. “எறங்கறவங்களுக்கு வழி விடுங்க. அந்தப் பை யாரோடது, மடியில வெச்சுக்குங்க. ஓரமா, ஓரமா.” கூட்டம் அழகாக இரண்டாகப் பிளந்து வழி விட்டது. அவர் வெளியே வந்ததும் பின்னாலேயே மறுபடி ஒன்று சேர்ந்தது.

ஒளிந்து பயனில்லை, உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்து, தெருமுனையில் நின்று தொண்டையைச் செருமினார்.

“பெரியவங்களே, நான் கைடு இல்ல. எனக்கு இந்த ஊர் தெரியாது. நானே மீன் தேடிப் போறவன்.”

கூட்டம் கையைத் தட்டிச் சிரித்தது. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்: “முந்தாநாள் வந்த கைடும் இப்படித்தான் ‘நான் வழி தொலைஞ்சவன்’னு ஆரம்பிச்சான். ஆனா அவன் சிரிச்சுட்டான். இவரு மூஞ்சியப் பாருங்க, துளி அசையல. இவரு பெரிய ஆளு.”

இதற்குள் கண்டக்டரின் மனைவி அந்த அம்மாளின் டிக்கெட்டை வாங்கிப் படித்துவிட்டு வந்தாள். வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று உடனே சொல்ல முடியவில்லை.

“ஏழாம் நம்பர் டூர். ‘வெளியே வந்ததும் மஞ்சள் கொடிக்குப் பின்னால் செல்லவும்’னு போட்டிருக்கு.”

கண்டக்டர் நிமிர்ந்து தன் குடையைப் பார்த்தார். மஞ்சள் துண்டு காற்றில் ஜோராகப் பறந்துகொண்டிருந்தது.

“நீ கட்டினதுதான்.”

“நீங்க திரும்பிப் பாத்து நடக்கறவரா இருந்தா நான் ஏன் கட்டறேன்?”

துண்டை அவிழ்த்தார். குடையை மடக்கினார். அதற்காகவே காத்திருந்தது போல, இடம் வந்துவிட்டது என்று நினைத்து, அத்தனை பேரும் பக்கத்தில் இருந்த தையல் கடைப் படிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே இருந்து தையல்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்தார்.

“யாரு சார் இவங்க எல்லாம்?”

“என்கூட வந்தவங்க இல்ல.”

“உங்க மூஞ்சியத்தானே பாத்துக்கிட்டு இருக்காங்க. எப்ப எழுந்திருப்பாங்க?”

அந்தச் சமயம் பார்த்து வெள்ளைத் தொப்பி அம்மாளுக்கு அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. அவளைப் பார்த்து இன்னும் நாலு பேருக்கு வந்தது. தையல்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கடைக்குப் பின்பக்கம் ஒவ்வொருவராக அனுப்பி, வரிசையை ஒழுங்குபடுத்தி நின்றபோது, தான் இப்போது முழுக் கைடு ஆகிவிட்டோம் என்பது கண்டக்டருக்கே விளங்கியது.

“இப்படியே நழுவிடலாம்” என்றாள் மனைவி காதோடு.

“நடுவழியில ஆளை எறக்கிவிட்டதா என் சர்வீஸ்ல ஒரு புகார் கெடையாது.”

“நீங்கதான் ஏத்தவே இல்லையே.”

“ஏறிட்டாங்கல்ல.”

அவருக்கு வேறொரு கவலையும் பிடித்துக்கொண்டது. நிஜக் கைடு ஒருவர் எங்கேயோ இருக்கிறார். துறைமுக வாசலில் மஞ்சள் கொடியோடு நின்று, ஆள் ஒருவர்கூட வராமல், தலையில் கையை வைத்துக்கொண்டிருப்பார். “பாவம், அந்த மனுஷனுக்கு வேலையே போயிடும்” என்று வாய்விட்டுச் சொன்னார்.

“அதெல்லாம் போகாது சார். நீங்க நடங்க” என்றது ஒரு குரல்.

சொன்னவள் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. நாற்பது வயசு இருக்கும். தோளில் நீளமான ஒரு ஜோல்னாப் பை. எப்போதும் வரிசையின் வாலில் வந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, தெருப்பெயர்ப் பலகையைப் பார்த்து ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். கண்டக்டர் மனதுக்குள் அவளுக்கு ‘கடைசி ஸ்டாப்’ என்று பெயர் வைத்திருந்தார்.

“உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“ஒரு நம்பிக்கைதான் சார்.”

கூட்டத்தைத் துறைமுக வாசலுக்கே திருப்பிக் கொண்டுபோய் ஒப்படைத்துவிடுவது என்று கண்டக்டர் தீர்மானித்தார். நல்ல தீர்மானம். வாசல் எந்தப் பக்கம் என்பதுதான் தெரியவில்லை. யாரிடமாவது கேட்கலாம். ஆனால் பந்தயம் கட்டிவிட்டு வந்தவர் வழி கேட்பதா? மூக்கு காட்டிய திசையில் நடந்தார். அரை மணி நேரத்தில் எல்லோரும் ஒரு மீன் மார்க்கெட்டில் நின்றார்கள். கூட்டம் ஆரவாரம் செய்தது. மார்க்கெட் விடியற்காலையிலேயே முடிந்து, தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது இரண்டு பூனைகள்தான்.

அங்கேதான் பின்னால் இருந்து அந்தக் குரல் வந்தது.

“அடடே, சகலை.”

மேனேஜர். பக்கத்தில் அவர் மனைவி, முழங்கால் வலியோடு நொண்டி நொண்டி. முழங்காலுக்காக நின்று நின்று, இவ்வளவு நேரமும் கூட்டத்துக்கு ரொம்பப் பின்னால் வந்திருக்கிறார்கள். மேனேஜரின் முகத்தில் தீபாராதனை காட்டியது போல ஒரு வெளிச்சம்.

“தனியாப் போறேன்னு சவால் விட்டுட்டு, எங்க டூர்ல ஓசியில நுழைஞ்சு, அதுவும் முதல் ஆளா நடக்கறீங்களே. மதியத்துக்குள்ள இப்படி ஆகும்னு நான்கூட நெனைக்கல.”

“நான் உங்க டூர்ல வரல. உங்க டூர்தான் என்கூட வருது.”

“சரி, சரி. கைடு எங்க?”

“முன்னாடி போறாருங்க” என்றார் பக்கத்தில் இருந்த ஒருவர்.

“பாத்தீங்களா? கைடு முன்னாடி போறாரு, நீங்க அவரு பின்னாடி ஒட்டிக்கிட்டீங்க. ராத்திரி ஸ்டிக்கர் தர்றேன் சகலை.” மேனேஜர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஆட்டினார். “இந்தாங்க, பேர் லிஸ்ட். இருபத்திரண்டு டிக்கெட். அதுல உங்க பேரு இருக்கா?”

கண்டக்டர் லிஸ்ட்டைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் நம்பப்போவதில்லை. இனி நல்ல மீனைக் கண்டுபிடித்தாலும் பெயர் அந்த முகம் தெரியாத கைடுக்குத்தான். கண்டுபிடிக்காவிட்டால் இருபத்திரண்டு பேர் பட்டினி. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

ஆனால் இருபத்திரண்டு என்ற எண் மட்டும் காதில் தங்கிவிட்டது. தன்னையும் அறியாமல் தலைகளை எண்ணினார். கண்டக்டர்கள் விரலை நீட்டி எண்ண மாட்டார்கள். கண்ணாலேயே இரண்டிரண்டாக எண்ணுவார்கள்.

இருபத்திமூன்று.

மறுபடி எண்ணினார். தன்னையும் மனைவியையும் விட்டுவிட்டு, மேனேஜர் தம்பதியைச் சேர்த்து, இருபத்திமூன்று.

“ஒரு தலை கூடுதலா இருக்கு” என்றார்.

“இப்ப அதுவா முக்கியம்?” என்றாள் மனைவி.

“டிக்கெட் இருபத்திரண்டு, தலை இருபத்திமூணு. வண்டியில வித்தவுட் ஒண்ணு ஏறியிருக்கு.”

அவர் கண் கூட்டத்தை அலசியது. பச்சைத் தொப்பிக்காரர் ஒருவர் இவர் பார்வை பட்டதும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பிஸ்கட்டைக் கடித்தார். வித்தவுட்டில் வருகிறவன் அப்படித்தான் ஜன்னலைப் பார்ப்பான். கண்டக்டர் அவரைக் குறித்து வைத்துக்கொண்டார். முதலில் சோறு, பிறகு செக்கிங்.

வழியில் ஒரு பெரிய ஹோட்டல் வந்தது. வாசலில் மீனும் நண்டும் படமாக மின்னின. கோட்டு போட்ட ஒருவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்தார். பனிக்கட்டி மேல் மீன்களை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். “இதுதான், இதுதான் நம்ம எடம்” என்று மேனேஜர் உள்ளே போகப் பார்த்தார்.

கண்டக்டரின் மனைவி ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணை அமுக்கிப் பார்த்தாள். கோட்டுக்காரர் பதறினார்.

“இது செத்து ஒரு வாரமாச்சு. கப்பல் மீனே தேவல” என்று கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கூட்டமும் அவள் பின்னாலேயே வந்துவிட்டது.

மணி பன்னிரண்டரை. வெயில் மண்டையைப் பிளந்தது. “சாப்பாடு எப்பங்க?” என்ற கேள்வி இப்போது சிரிப்பில்லாமல் வந்தது. கேமராக்காரர்கூடப் படம் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

கண்டக்டர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். வியர்த்து, சிவந்து, ஆனாலும் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் நின்றாள். ஒரு முள்ளுள்ள மீனுக்கு ஆசைப்பட்டவள். அவருக்கு முதல்முறையாகத் தன் மேல் கோபம் வந்தது. பந்தயம் கிடக்கட்டும், இவளுக்கு ஒரு வாய் நல்ல சோறு வாங்கித் தர முடியவில்லையே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அப்போது ஒரு டவுன் பஸ் கடந்து போனது. ஆள் இல்லாத வண்டி. டிரைவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, மறுகையால் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதன் பின்னாலேயே இன்னொரு காலி பஸ். அதிலும் அதே பொத்தான்.

கண்டக்டர் நிமிர்ந்தார். மத்தியானம் காலி பஸ் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

“துண்டைக் கொடு” என்றார். குடையில் கட்டினார். தூக்கிப் பிடித்தார். “ரைட், போலாம்.”

பத்து நிமிஷ நடையில் பஸ் டிப்போ வந்தது. சுற்றுச்சுவர் ஓரமாக ஆறு பஸ்கள் நின்றன. ஏழாவது பஸ் குறுகலான கேட்டுக்குள் பின்பக்கமாக நுழைய முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. கண்டக்டர் யோசிக்கவே இல்லை. குடையை மனைவி கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸின் பின்னால் போய் நின்றார்.

“வரலாம், வரலாம், வரலாம். லெஃப்ட் ஒடிங்க. வரலாம். ஹோல்டு.” உள்ளங்கையால் தகரத்தில் இரண்டு தட்டு.

பஸ் சுவருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். அந்த இரண்டு தட்டிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

“எத்தனை வருஷம் சர்வீஸ்?”

“முப்பத்தொண்ணு. ரிடையர் ஆயிட்டேன். இங்க சோறு எங்கண்ணே நல்லா இருக்கும்?”

“டிப்போவுக்குப் பின்னாடி. போர்டு இருக்காது. வாங்க.” டிரைவர் இறங்கியதும் கூட்டத்தைப் பார்த்தார். “இவங்க?”

“நம்ம பாசஞ்சர்” என்றார் கண்டக்டர். இந்த முறை மறுக்கத் தோன்றவில்லை.

தகரக் கூரை, நாலு நீள பெஞ்சு, கரி பிடித்த ஒரு பெரிய தோசைக்கல்லுக்கு முன்னால் மெஸ்காரம்மா. இடுப்பில் கையை வைத்து இருபத்தைந்து பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“சோறு வடிச்சுரலாம். மீனு காலையில என் தம்பி கொண்டாந்தது, கூடையில இருக்கு. ஆனா சுத்தம் பண்ண எனக்கு ரெண்டு கைதான்.”

கண்டக்டரின் மனைவி கூடைத் துணியை விலக்கினாள். உள்ளே மீன்கள் பளபளவென்று, இப்போதுதான் தூங்கப் போனவை போலக் கிடந்தன. ஒரு செவுளைத் தூக்கிப் பார்த்தாள். ரத்தச் சிவப்பு. அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அக்கா, வா.”

முழங்கால் வலிக்காரியான மேனேஜரின் மனைவி, அந்த வலியை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை, கீழே சப்பணம் போட்டு உட்கார்ந்து அரிவாள்மனையை இழுத்துக்கொண்டாள். அக்காவும் தங்கையும் செதில் பறக்க, நீ அறுக்கிறது தப்பு, உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று சண்டை போட்டுக்கொண்டே கூடை மீன் முழுவதையும் சுத்தம் செய்தார்கள். மேனேஜர் கையில் மெஸ்காரம்மா தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டு போனார். வாழ்க்கையில் முதல்தடவையாக யாரிடமும் கையெழுத்து கேட்காமல் ஒன்றைக் கொடுத்தார்.

பிறகு எல்லோர் தட்டிலும் மீன் விழுந்தது. மேல்தோல் மொறுமொறுவென்று, உள்ளே பூப்போல, உப்பும் புளிப்பும் காரமும் ஊறின மீன். குழம்பில் ஒன்று, கல்லில் ஒன்று, கேட்டவர்களுக்கு நண்டு.

கண்டக்டர் சாப்பிடாமல் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தட்டின் ஓரத்தில் முட்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே போனாள். நாலாவது மீனில்தான் நிமிர்ந்தாள்.

“முள்ளு இருக்கு” என்றாள்.

அவளிடமிருந்து அதற்குமேல் ஒரு பாராட்டு வராது. கண்டக்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் தட்டிலிருந்த மீனையும் எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

மணி இரண்டேகால். மேனேஜர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தன் சட்டையிலிருந்த ஸ்டிக்கரை மெல்ல உரித்தார். அதை விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு கண்டக்டர் எதிரில் உட்கார்ந்தார்.

“மீன் பிரமாதம் சகலை, பொய் சொல்லக் கூடாது. ஆனா கைடு கூட்டிட்டு வந்த எடத்துலதானே சாப்பிட்டீங்க? சட்டையக் காட்டுங்க.”

“எந்தக் கைடு? எனக்கு முன்னாடி யாருமே நடக்கல.”

“இவருதானே கைடு?” என்றாள் வெள்ளைத் தொப்பி அம்மாள்.

“இவரா? இவரு எங்க சகலை. டவுன் பஸ் கண்டக்டர்” என்றார் மேனேஜர்.

பெஞ்சுகளில் சலசலப்பு. அப்போ நம்ம கைடு யாரு, எங்க போனாரு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மேனேஜர் விடவில்லை.

“பொருட்காட்சியில பொண்டாட்டியத் தொலைச்சவரு, போர்டு இல்லாத கடையக் கண்டுபிடிச்சாராம். கேக்கறவன் கேணையா இருக்கணும். அந்தக் கைடுதான் எடத்தைச் சொல்லியிருக்கணும். அவரு நேர்ல வந்து, ‘நான் சொல்லலை, இவராத்தான் வந்தாரு’ன்னு தன் வாயால சொல்லட்டும். நான் இங்கயே ஒத்துக்கறேன்.”

கண்டக்டர் மணியைப் பார்த்தார். அந்தக் கைடு துறைமுக வாசலில் அல்லவா நின்றுகொண்டிருப்பார். வாய் திறந்தால் திட்டத்தான் திறப்பார். போனதும் அவர் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு, பாசஞ்சர்களை எண்ணி ஒப்படைத்துவிட வேண்டும். எண்ணி என்றதும் ஞாபகம் வந்துவிட்டது.

எழுந்தார். முப்பத்தோரு வருஷக் குரல் தகரக் கூரையில் மோதியது.

“எல்லாரும் டிக்கெட்ட கையில எடுங்க. ஒப்படைக்கும்போது கணக்கு சுத்தமா இருக்கணும். இதுல ஒரு வித்தவுட் இருக்கு.”

பெஞ்சு பெஞ்சாகப் போனார். ஒவ்வொரு டிக்கெட்டாக வாங்கிப் பார்த்து, ஓரத்தை நகத்தால் கிழித்துக் கொடுத்தார். பச்சைத் தொப்பிக்காரர் எதிரில் வந்ததும் நின்றார். அந்த மனிதர் நெளிந்தார். பிறகு குனிந்து, ஷூவைக் கழற்றி, சாக்ஸுக்குள்ளிருந்து நாலாக மடித்த டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.

“பிக்பாக்கெட் பயம்” என்றார் பரிதாபமாக.

இருபது. இருபத்தொன்று. மேனேஜருடையது இருபத்திரண்டு.

கடைசி பெஞ்சில், கடைசி ஆளாக, கடைசி ஸ்டாப் உட்கார்ந்து ஒரு நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய நோட்டு. அதில் டிப்போ, மெஸ், கேட்டின் நிறம்வரை எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. கண்டக்டர் அவள் எதிரில் போய் நின்றார். பிடிபட்டது யார் என்று பார்க்க மேனேஜரும் ஸ்டிக்கரோடு பின்னாலேயே வந்தார்.

“டிக்கெட் எங்கம்மா?”

அவள் நண்டுக் காலைத் தட்டில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஜோல்னாப் பைக்குள்ளிருந்து குச்சியில் சுற்றிய ஒரு மஞ்சள் துணியை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“இந்த ஊருக்கு நான் இன்னிக்குத்தான் சார் வர்றேன், வேலையில மொத நாள். கொடியப் பிரிக்கறதுக்குள்ள எல்லாரும் உங்க பின்னாடி கெளம்பிட்டாங்க, எனக்கும் வழி தெரியாது, நானும் வந்துட்டேன். கைடுக்கு ஏது சார் டிக்கெட்?”